உப்புத் தண்ணீரில் கழுவிய நிக்கல்

யுவராணிக்குப் பொறாமை வந்தது ஒரு மீன் துண்டில்தான் என்று சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள். ஆராய்ச்சி, தரம், நேர்மை என்று பெரிய பெரிய வார்த்தைகளாக எடுத்துப் போடுவாள். போடட்டும். விஷயம் மீன் துண்டுதான்.

ஆய்வகத்தை நடத்தும் மகேஸ்வரி மேடம் மதியச் சாப்பாட்டு டப்பாவில் எப்போதும் ஒரு துண்டு விளைமீன் வறுவலைக் கூடுதலாகக் கொண்டுவருவார். அந்தக் கூடுதல் துண்டு யுவராணிக்கு. அவள் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த காலத்திலிருந்து அப்படித்தான். டப்பா மூடியில் வைத்து, பேச்சை நிறுத்தாமலே அவள் பக்கம் தள்ளுவார். புது மாணவி சிநேகா வந்து சேர்ந்த வாரமே அந்த மூடி மேசையில் வேறு பக்கம் நகர்ந்தது.

"இப்புடி ஒல்லியா இருக்கியேத்தா, சாப்புடு," என்றார் மேடம்.

யுவராணி தன் தயிர்ச்சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஒல்லிதான். அதை யாரும் கவனித்துச் சொன்னதில்லை.

அந்தக் கல்லூரி இராமநாதபுரத்தைத் தாண்டி இராமேஸ்வரம் சாலையில், கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. வேதியியல் துறையின் பின்பக்கத்து அறையில் ஓர் உலை, உலைக்குள் ஒரு குழாய், குழாய்க்குள் ஒரு சிட்டிகைப் பொடி. ஒரு பக்கம் மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் கலந்து அனுப்பினால் மறுபக்கம் ஹைட்ரஜன் வர வேண்டும், கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். உலகத்தைச் சூடாக்குகிற இரண்டு வாயுக்களைக் கொடுத்துவிட்டு எரிபொருளை வாங்குகிற வியாபாரம், கேட்க நன்றாகத்தான் இருக்கும். தாளில் வினையூக்கி என்று எழுதுவார்கள், பேச்சில் பொடிதான். பொடியின் உயிர் நிக்கல். விலை மலிவு, வேலையில் சுறுசுறுப்பு. ஆனால் கரி பிடிக்கும். மீத்தேனிலிருந்து பிரிகிற கரி நிக்கல் மேலேயே உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் அதை மூடிக் குழாயையும் அடைத்துவிடும். உலகம் முழுக்க இந்தக் கரியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

யுவராணியும் மல்லுக்கட்டினாள். வாலிநோக்கம் பக்கம் உப்பளங்களில் உப்பை வாரிய பிறகு பாத்தியில் ஒரு கசப்புத் தண்ணீர் மிஞ்சும். அதில் மக்னீசியம் இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து நிக்கலோடு சேர்த்து அவள் ஒரு பொடி செய்திருந்தாள். அது கரியை ஓரளவு தாங்கும். ஊருக்கு வெளியே உள்ள எரிவாயு ஆலை ஒன்று, தங்கள் பெரிய உலையில் போட்டுப் பார்க்க இந்த ஆய்வகத்திலிருந்து ஒரு பொடியைக் கேட்டிருந்தது. ஒன்றே ஒன்றுதான். அது தன்னுடையது என்பதில் யுவராணிக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவளுடைய அய்யா ஊரில் மிளகாய்க் களத்தில் நின்றுகொண்டு, "எம் மக செஞ்ச பொடி கேஸ் கம்பெனிக்குப் போகுதுல்ல," என்று நாலு பேரிடம் சொல்லியும் விட்டார்.

இந்த நேரத்தில்தான் சிநேகா வந்தாள். திருவாடானைப் பக்கத்துப் பெண். வரும்போதே சிரித்துக்கொண்டு வருவாள். உலையை இயக்கும் முனீஸ்வரனை "அண்ணே" என்று அவள் கூப்பிட்டதும், யாருக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத அந்த மனுஷன் எழுந்து போய் அவளுக்கு வாயு சிலிண்டரை உருட்டிக் கொடுத்தார். யுவராணி கேட்டால் இடுப்பு வலி என்பார். பழகிக்கொள்ளட்டும் என்று மேடம் சிநேகாவுக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிற சாதாரணப் பொடியைத்தான் கொடுத்தார். அலுமினா மேல் நிக்கல். முதல் நாளிலேயே கரி பிடித்துச் சாகிற ஜாதி. அந்த வரைக்கும் யுவராணிக்கு நிம்மதி.

இங்கே தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கல்லூரியின் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. சோப்பு நுரைக்காது, குழாய் வாயெல்லாம் சுண்ணாம்பு பூத்திருக்கும். தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவியில் எந்நேரமும் உப்புப் படிந்து ரிப்பேர். அதனால் பொடி கழுவ மதுரையிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் கேனில் வரும். அதை ஒரு கண்ணாடிக் கதவு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை யுவராணி தன் பையில் வைத்திருப்பாள். பூட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவள் ஊர் கமுதிக்குத் தெற்கே. அங்கே தண்ணீர் டிரம்முக்குப் பூட்டுப் போடாத வீடு கிடையாது. பீரோவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குவார்கள், டிரம்மைப் பூட்டாமல் தூங்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தை அவள் ஆய்வகத்துக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

சிநேகா முதல் பொடி செய்த நாளன்று யுவராணி வாலிநோக்கம் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது சிநேகா பீக்கரில் வெளிர்பச்சைக் குழம்பைக் கலக்கிக்கொண்டிருந்தாள். நிக்கல் அலுமினாவில் படிந்துகொண்டிருந்தது. இனி வடிகட்டி, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். தாமதித்தால் குழம்பு வீண். யுவராணி அலமாரியைப் பார்த்தாள். கேன் நிறையத் தண்ணீர் இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அப்போது மேடம் உள்ளே எட்டிப்பார்த்து, "என்னமா பச்சையா வந்துருக்கு பாரு, சிநேகாவுக்குக் கைராசி," என்றார்.

யுவராணி சாவியைப் பையின் அடியில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். "வாரேன் மேடம்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் வந்து பார்த்தால் பொடி கழுவி, காய்ந்து, சுட்டெடுக்கத் தயாராக இருந்தது. அலமாரி பூட்டியபடியே இருந்தது.

"எந்தத் தண்ணில கழுவுன?" என்று கேட்டாள்.

சிநேகா நிமிர்ந்து பார்க்கவில்லை. "டிஸ்டில்டு வாட்டர்லதான்க்கா."

பொய். கேனில் ஒரு சொட்டுக் குறையவில்லை. போர்வெல் குழாயடியில் பச்சைக் கறை வேறு இருந்தது. யுவராணி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சாவி எங்கே என்ற கேள்வி வரும். தவிர, அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. உப்பும் சுண்ணாம்புமாக அந்தப் பொடி உலைக்குள் போய்த் தானாகவே நாறட்டும், நாம் ஏன் வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள்.

பொடி நாறவில்லை. முதல் நாள் ஓடியது, மறுநாளும் ஓடியது. ஹைட்ரஜன் அளவு இறங்குமா என்று யுவராணி திரையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனாள். கோடு மேசை விளிம்பு மாதிரி நேராகவே போனது. வாரம் முடிந்து குழாயைப் பிரித்தால், பொடியில் கரி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. யுவராணியின் பொடி அதில் பாதிகூடத் தாங்கியதில்லை. முனீஸ்வரன் தன் செலவில் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கி வந்தார். "ஆலைக்கு இதைத்தான் அனுப்பணும்," என்றார் மேடம். பொடி செய்தது பழகத்தானே என்று யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு யுவராணிக்கு வயிறு எரிந்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டாள். வருஷக்கணக்காக உப்பளத்து வெயிலில் கசப்புத் தண்ணீர் சுமந்தவள் அவள். நேற்று வந்தவள் போர்வெல் தண்ணீரில் கழுவி, பொய்யும் சொல்லி, ஆலைக்குப் போகிறாள். அய்யாவுக்கு என்ன சொல்வது? சிநேகாவின் சிரிப்பு, அவளுடைய "அக்கா", அவள் பேனாவை மூடுகிற சத்தம் எல்லாமே பிடிக்கவில்லை. வெளியே சொல்ல முடியாத அந்தப் பொய்யைத் தவிர, எடுத்துச் சொல்ல ஒரு குறையாவது சிநேகா வைத்திருக்கலாம், அதுவும் இல்லை.

ஆலைக்கு நிறையப் பொடி வேண்டும். பெரிய பாத்திரத்தில் மேடம் பக்கத்தில் நின்று செய்ய வைத்தார். மதுரையிலிருந்து புதுக் கேன்கள் வந்தன. மேடம் எதிரில் யுவராணி சாவியை மறுக்க முடியுமா? அவளே அலமாரியைத் திறந்து, அவளே ஊற்றிக் கொடுத்தாள். பொடி தும்பைப்பூ மாதிரி சுத்தமாகக் கழுவப்பட்டது. ஆலைக்கு அனுப்புமுன் ஒரு சிட்டிகையை உலையில் வைத்துப் பார்த்தார்கள். மதியத்துக்குள் கோடு சரிந்தது. சாயங்காலம் குழாய் அடைத்துக்கொண்டது. பிரித்துக் கொட்டினால் அடுப்புக்கரி.

மறுபடி செய்தார்கள். மறுபடியும் கரி.

யுவராணிக்கு முதலில் பொங்கி வந்த சந்தோஷத்தை நான் மறைக்க மாட்டேன். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். கை கழுவக் குழாயைத் திறந்தாள். சோப்பு நுரைக்கவில்லை. சிரிப்பு நின்றுபோய், குழாய் வாயில் பூத்திருந்த சுண்ணாம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆயுத பூஜை விடுமுறையில் ஆய்வகத்தில் ஆள் இல்லை. உலையின் நெற்றியில் முனீஸ்வரன் வைத்த சந்தனப்பொட்டு காய்ந்திருந்தது. யுவராணி தனியாக வந்தாள். முதலில் தன் பொடியைப் போர்வெல் தண்ணீரில் கழுவிப் பார்த்தாள். பின்னே, தனக்குப் பார்க்காமல் அடுத்தவளுக்கா பார்ப்பாள்? அது உருப்படவில்லை. ஏற்கெனவே கடல் மிச்சத்தில் செய்த பொடி, இன்னும் உப்பு ஏறியதும் எழுந்திருக்கவே இல்லை. பிறகு சிநேகாவின் பொடியைக் கொஞ்சமாகச் செய்து அதே தண்ணீரில் கழுவி வைத்தாள். கோடு நேராகப் போனது. விடுமுறை முடியும்வரை நேராகவே போனது.

இப்போது அவளுக்குப் புரிந்தது. தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு பொடியில் தங்கியிருக்கிறது. அது கார்பன் டை ஆக்சைடை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ள, அந்த வாயு நிக்கல் மேல் உட்காரும் கரியை உட்காரும்போதே தின்றுவிடுகிறது. அவள் சாவியை எடுத்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் சிநேகாவின் பொடி எல்லாப் பொடியும் மாதிரி முதல் நாளே செத்திருக்கும். யுவராணி உலைக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வாய்விட்டுத் தன்னையே திட்டினாள். பிறகு குழாயைப் பிரித்துத் துடைத்து, செய்த சுவடு தெரியாமல் வைத்துவிட்டுப் போனாள். சொல்லாமல் இருந்தால் போதும், ஆலைக்குத் தன் பொடி போகும்.

விடுமுறை முடிந்து மேடம் எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்காரவைத்தார்.

"சிநேகாவோடது ஒரு தடவ வந்துச்சு, அப்பறம் வரல. வராத பொடிய அனுப்ப முடியாது. யுவராணி, ஒன்னோடதே போகட்டும். வேற வழியில்ல."

வேற வழியில்ல. இத்தனை வருஷம் காத்திருந்தது இந்த வார்த்தைக்கா என்று இருந்தது யுவராணிக்கு. ஒருவரும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கவில்லை. முனீஸ்வரன் சிநேகாவின் பக்கம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி, "விடு தாயி, அடுத்த தடவ பாத்துக்கலாம்," என்றார். மேடம் டப்பாவைத் திறந்தார். மூடியில் மீன். மூடி சிநேகா பக்கம் போனது. ஜெயித்தது யுவராணி, மீன் தோற்றவளுக்கு. தோல்வியிலும் இப்படி ஒரு சுகம் இருக்குமென்றால் அதுவும் சிநேகாவுக்குத்தான் கிடைக்கிறது என்று யுவராணிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

சிநேகா மீனைத் தொடவில்லை. தயங்கித் தயங்கி, "மேடம், கலக்குன வேகமா இருக்குமோ? மொதத் தடவ கையால கலக்குனேன். அப்பறம் ரெண்டு தடவயும் மெஷின்ல," என்றாள்.

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா? தோத்த பிறகும் ஒக்காந்து யோசிக்கிறா. இதான் சயின்ஸ். நல்லா சொன்னத்தா, வேகமா இருக்கலாம்."

தப்பான பதிலுக்கு இவ்வளவு பாராட்டு. சரியான பதில் யுவராணியின் வாய்க்குள் கிடந்து புழுங்கிக்கொண்டிருந்தது. அவள் பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை.

"வேகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்றாள். "தண்ணி!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"மொதத் தடவ போர்வெல் தண்ணில கழுவுனா. அந்தச் சுண்ணாம்புதான் கரியத் தின்னுருக்கு. லீவுல நான் செஞ்சு பாத்துட்டேன் மேடம். நிக்காம ஓடுது."

மேடம் டப்பாவைத் தள்ளி வைத்தார். பிறகு சிநேகாவைப் பார்த்தார். "நீ டிஸ்டில்டு வாட்டர்னுதான சொன்ன?"

சிநேகா தலையைக் குனிந்துகொண்டாள். "போர்வெல்லுதான் மேடம். வந்த புதுசு, திட்டுவீங்கன்னு பயந்து மாத்திச் சொல்லிட்டேன். எனக்கும் தண்ணியா இருக்குமோன்னு தோணுச்சு. அதச் சொன்னா பொய் சொன்னதும் தெரிஞ்சு போகும்னு சொல்லல."

"அலமாரில கேன் இருக்கைல ஏன் போர்வெல்லுல கழுவுன?"

சிநேகா யுவராணியை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே யுவராணிக்குத் தெரிந்துபோயிற்று. கண்ணாடிக் கதவு. நிறைந்த கேன் வெளியிலிருந்தே தெரியும். சாவி எங்கே போனது என்று இவளுக்கு அன்றைக்கே தெரியும்.

"கேன் காலியா இருந்துச்சு மேடம்," என்றாள் சிநேகா.

இனி யுவராணி பேசாமல் இருந்தால் போதும். பொடியின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவள் என்ற பெயர் அவளுக்கு. பூட்டின கதை யாருக்கும் தெரியாது. வேறு யாராவது என்றால் சிநேகாவுக்கு மனசுக்குள் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். யுவராணிக்கு அது ஆகவில்லை. கைராசி சிநேகாவுக்கு, முனீஸ்வரன் அவளுக்கு, மீன் அவளுக்கு. இப்போது பெருந்தன்மையும் அவளுக்கா? வாழ்நாள் முழுக்க இவள் காப்பாற்றிவிட்ட ஆளாக இருக்க வேண்டுமா?

"காலியா ஒண்ணும் இல்ல," என்று யுவராணி எழுந்தே விட்டாள். "நெறைய இருந்துச்சு. நான்தான் பூட்டிச் சாவிய எடுத்துக்கிட்டுப் போனேன். மறந்து போகல. வேணும்னுதான் எடுத்துட்டுப் போனேன்."

முனீஸ்வரன் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் இருந்தார்.

சிநேகாவின் முகம் மாறியது. அந்த முகத்தில் கோபம் வரும் என்று யாரும் நினைத்ததில்லை. இதுநாள் வரை வாங்க, போங்க என்று பேசியவள், "ஏன் சொன்ன?" என்றாள். "நான்தான் காலின்னு சொல்லிட்டேன்ல? அன்னைக்கு நான் ராம்நாட்ல மருந்துக்கடை மருந்துக்கடையா ஏறி எறங்குனேன். ஒரு பாட்டில் கெடைக்கல. அழுதுக்கிட்டேதான் அந்தக் கொழாயடில ஒக்காந்து கழுவுனேன். நான் என்ன பாவம் செஞ்சேன் ஒனக்கு?"

மேசையில் மீன் ஆறிக்கொண்டிருந்தது. யுவராணி அதைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். பதில் இருந்தது. வளர்ந்த பெண் நாலு பேர் எதிரில் சொல்லக்கூடிய பதில் இல்லை. உட்கார்ந்துவிட்டாள்.

மேடம் டப்பாவை மூடினார். அன்றைக்கு அவரும் சாப்பிடவில்லை.

"ஆலைக்கு சிநேகாவோட பொடி போகும்," என்றார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "போர்வெல் தண்ணில கழுவுனதுன்னு எழுதித்தான் போகும். அந்தத் தண்ணில என்னென்ன இருக்கு, எது எவ்வளவுன்னு கண்டுபிடிக்கணும். கடல் தண்ணியையும் உப்பையும் ஒன்ன மாதிரி இங்கன யாரும் பிரிச்சுப் பாத்ததில்ல. அது ஒன் வேல, யுவராணி. தண்ணி புடிச்சுக் குடுக்குறதும் ஒன் வேல. ஒரே கொழாய்ல, ஒரே நாள்ல புடிச்சதா இருக்கணும்."

அய்யாவிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் காலி கேன்களை எடுத்துக்கொண்டு போய்ப் போர்வெல் குழாயடியில் குந்தினாள். பல் துலக்கக்கூட ஆகாது என்று வந்த நாளிலிருந்து அவள் சபித்த தண்ணீர். ஒரு சொட்டுக் கீழே சிந்தாமல் பிடித்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து அலமாரியில் அடுக்கினாள். அடுக்கி முடித்ததும் கை தன்னால் பூட்டைப் போட்டது. சாவி பையை நோக்கிப் போனது.

பக்கத்தில் சிநேகா நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, அக்கா என்று கூப்பிடவும் இல்லை. கையை மட்டும் நீட்டினாள்.

யுவராணி சாவியை அந்தக் கையில் வைத்தாள். வைத்த பிறகும் ஒரு நொடி விரலை எடுக்கவில்லை. அவள் ஊரில் டிரம் சாவியை யாரும் இன்னொரு வீட்டாரிடம் கொடுத்ததில்லை.